கூரையில் சோலாரா, குழாயில் கசிவா? திருகோணமலை ஐஸ் தொழிற்சாலை எதை முதலில் தொட வேண்டும்

திருகோணமலையில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒருவரிடம் பச்சைவீட்டு வாயுவைக் குறைக்கும் பேச்சை எடுத்தால், அவர் கை முதலில் கூரையைத்தான் காட்டும். சோலார் போட இருக்கிறோம், விலை கேட்டிருக்கிறோம், மின்சார சபைக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதோடு பேச்சு முடிந்துவிடும். சோலாரோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. இந்தக் கரையில் வெயிலுக்கும் பஞ்சம் இல்லை. ஆனால் ஐஸ் தொழிற்சாலையோ, மீன் பதனிடும் இடமோ, குளிர் அறையோ வைத்திருப்பவருக்கு அது முதல் வேலையாக இருக்கக்கூடாது என்பது என் கட்சி. இரண்டாவது வேலையாகவும் இருக்கக்கூடாது என்பேன்.

பெரிய ஆலைகளை இந்தக் கட்டுரையில் சேர்க்கவில்லை. சீனன்குடாப் பக்கம் இருக்கும் மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் சொந்தமாகப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். டோக்கியோ சீமெந்து நிறுவனம் கிளிரிசீடியா விறகை எரித்து இங்கேயே மின்சாரம் எடுக்கிறது. ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டு போவோம்: சீமெந்துத் தொழிலில் காபனின் பெரும் பங்கு கிளிங்கர், அதாவது அரைத்தால் சீமெந்தாகும் சுட்ட கட்டி, சுடும் சூளையில் வெளியேறுகிறது. கிளிங்கரைக் கப்பலில் இறக்கி அரைக்கும் ஆலைக்கு அந்தச் சூளை வேறொரு நாட்டில் இருக்கிறது. அரைக்கும் இடத்தில் நின்று புகைக்குழாயைப் பார்த்தால் கணக்கில் பாதிக்கு மேல் கண்ணில் படாது. ஐஸ் தொழிலிலும் அப்படி ஒரு கண்ணுக்குப் படாத பங்கு இருக்கிறது. அதற்குப் புகைக்குழாயே கிடையாது.

கணக்கு

கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் எழுப்பிய தொழிற்சாலைதான் இது; என் எண்களை எடுத்துவிட்டு உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். நாளுக்கு 10 தொன் கட்டி ஐஸ், வருடத்தில் 300 நாள் ஓட்டம். ஒரு தொன் ஐஸுக்கு 80 அலகு மின்சாரம் போகிறது. கொஞ்சம் தேய்ந்த இயந்திரம் என்று அர்த்தம். இரண்டு குளிர் அறைகள், தண்ணீர்ப் பம்பு, விளக்கு எல்லாம் சேர்த்து இன்னொரு 60,000 அலகு. மொத்தம் வருடத்துக்கு 3 இலட்சம் அலகு.

இலங்கையில் ஓர் அலகு மின்சாரத்துக்கு எவ்வளவு காபனீரொட்சைட்டு என்பது மழையைப் பொறுத்து மாறும். நீர்த்தேக்கங்கள் நிரம்பிய வருடம் குறையும்; மழை பொய்த்து, நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெய் நிலையங்களும் சுமையைத் தூக்கும் வருடம் ஏறும். கை கணக்குக்கு அலகுக்கு அரைக் கிலோ என்று எடுத்தால் நம் தொழிற்சாலையின் மின்சாரம் 150 தொன்.

டீசல்: ஜெனரேற்றருக்கு 4,000 லீற்றர், ஐஸ் கொண்டுபோகும் லொறிக்கு 6,000 லீற்றர். லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ. 27 தொன்.

இனிக் குளிரூட்டி வாயு. ஐஸ் தொட்டிக்குப் பழைய ஆர்-22 இயந்திரம், குளிர் அறைகளுக்கு ஆர்-404ஏ. வருடத்துக்கு ஆர்-22 மூன்று சிலிண்டரும் 404ஏ இரண்டு சிலிண்டரும் "காஸ் அடிக்க" வாங்குகிறார்கள் என்று வைப்போம். ஆர்-22 சிலிண்டரில் 13.6 கிலோ, 404ஏ சிலிண்டரில் 10.9 கிலோ இருக்கும். நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-22 ஏறத்தாழ 1,810 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஒரு கிலோ 404ஏ 3,922 கிலோவுக்குச் சமம். பெருக்கிப் பாருங்கள். முதலாவது 74 தொன், இரண்டாவது 85 தொன். சேர்த்தால் 159 தொன்.

அதாவது, பின்வாசலில் குப்பையோடு கிடக்கும் அந்த ஐந்து வெற்றுச் சிலிண்டர்கள், வருடம் முழுக்க வந்த கரண்ட் பில்லைவிடக் கூடுதலான பாரம். ஒற்றை 404ஏ சிலிண்டர் காற்றில் போவது ஏறக்குறைய 16,000 லீற்றர் டீசல் எரிப்பதற்குச் சமம். நம் லொறி வருடத்தில் குடிப்பது 6,000 லீற்றர்.

இந்த எண்கள் கணக்குப் புத்தகத்தில் தலைகாட்டாததற்குக் காரணம் எளிது. மின்சாரத்துக்குப் பில் வருகிறது, டீசலுக்குப் பற்றுச்சீட்டு வருகிறது. காஸ் செலவு "இயந்திரம் திருத்தியது" என்ற தலைப்புக்குள் போய் மெக்கானிக் கூலியோடு கலந்துவிடுகிறது. கொழும்பிலிருந்து வரும் வாங்குநர் உங்கள் காபன் கணக்கைக் கேட்டால், எழுதிக் கொடுக்கப்படுவது மின்சாரமும் டீசலும்தான். பச்சைவீட்டு வாயுக் கணக்கு முறையில் சொந்த வளவில் நேரடியாக வெளியேறுவது முதல் வட்டம், வாங்கிய மின்சாரம் இரண்டாம் வட்டம், மற்றவர்கள் மூலம் வருவது மூன்றாம் வட்டம். 404ஏ கசிவு டீசலோடு சேர்ந்து முதல் வட்டத்தில், முதல் வரியிலேயே வர வேண்டியது; ஆர்-22 கசிவை அந்த வட்டங்களுக்கு வெளியே தனி வரியில் எழுத வேண்டும்.

கசிவை அடைப்பது

ஐஸ் தொழிற்சாலை ஒன்றின் மேற்பார்வையாளர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "காஸ் என்டா குறையத்தானே செய்யும் தம்பி. லொறிக்கு டீசல் அடிக்கிற மாதிரி, அதுக்கும் அடிக்க வேணும்." முப்பது வருடம் அந்த இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே நோய் சொல்லக்கூடிய மனிதர். அவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை, தொழில் முழுக்க அந்த நினைப்பு இருக்கிறது. ஆனால் குளிரூட்டி வாயு எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியது. ஒரு கிலோ குறைந்தால் ஒரு கிலோ வெளியே போயிருக்கிறது.

வெளியே போகும் வழிகள் இந்தக் கரையில் கொஞ்சம் அதிகம். உப்புக் காற்று அலுமினியத் தகடுகளைத் தின்று, கைபட்டாலே உதிரும் வெள்ளைத் தூளாக்கிவிடும். அதற்குள் இருக்கும் செப்புக் குழாயும் தப்பாது. குளிர் அறைக்குள் இருக்கும் சுருளுக்கு வேறொரு எதிரி. மீனிலிருந்து எழும் அமோனியாச் சாயல் கொண்ட ஆவி செப்பை மெல்ல மெல்ல அரிக்கும். அதற்கு மேல் கவனயீனம்: காஸ் அடிக்கும் வால்வின் சின்ன மூடி காணாமல் போயிருக்கும், குழாய் மூட்டைப் பிடிக்கும் பிளேயர் நட் இறுகாமல் இருக்கும், கவ்வி போடாத குழாய் ஒன்று கொம்பிரசரோடு சேர்ந்து நடுங்கி நடுங்கி வெடித்திருக்கும், பழைய பெல்ட் கொம்பிரசரில் அச்சுத்தண்டின் சீல் தேய்ந்திருக்கும்.

கண்டுபிடிக்க மந்திரம் தேவையில்லை. காஸோடு சேர்ந்து எண்ணெயும் கசியும் என்பதால், தூசி ஒட்டிக் கறுத்த ஈரப்பிசுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே சவர்க்கார நுரையைத் தடவிப் பார்க்க வேண்டும். பெரிய கசிவு என்றால் நுரை உடனே ஊதும். சின்னக் கசிவுக்குப் பொறுமை வேண்டும். ஊசித் துளையில் முதலில் ஒன்றுமே தெரியாது, ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் கடுகளவு கடுகளவாய் வெள்ளை நுரை கூடு கட்டியிருக்கும். மின்னணுக் கசிவுமானி இருந்தால் வேலை சுருக்கம். ஆனால் அதைக் கொண்டுபோய்க் காற்று வீசும் முற்றத்தில் பிடிப்பதில் பலன் இல்லை.

கண்டுபிடித்த பிறகு செய்வதில்தான் மெக்கானிக்குக்கு மெக்கானிக் வித்தியாசம். மிஞ்சிய காஸைத் திறந்துவிட்டு, ஒட்டி, புதுக் காஸ் அடித்துவிட்டுப் போவது வழக்கமான வழி. அரை மணி வேலை. சரியான வழியில், இருக்கும் காஸை மீட்பு இயந்திரத்தால் இழுத்து வேறு சிலிண்டரில் எடுக்க வேண்டும். ஒட்டிய பிறகு நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து இரவு முழுக்க விட்டு அளவு இறங்குகிறதா பார்க்க வேண்டும். வெற்றிடப் பம்பு போட்ட பின்தான் காஸ் ஏற்ற வேண்டும், அதுவும் தராசில் நிறுத்து. இதற்கு ஒரு நாள் போகும். ஒரு நாள் ஐஸ் போகிறதே என்று முதலாளி முகம் சுளிப்பார். சீசன் இல்லாத வாடைக்கால நாட்களில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் அந்தச் சண்டையும் இல்லை. தொழில்நுட்பவியலாளர்களுக்கு இந்த முறையில் பயிற்சி கொடுக்கும் வேலையைச் சுற்றாடல் அமைச்சின் கீழுள்ள தேசிய ஓசோன் அலகு செய்துவருகிறது. மெக்கானிக்கைக் கூப்பிடும்போது கூலியைக் கேட்பதற்கு முன் மீட்பு இயந்திரம் இருக்கிறதா என்று கேட்பது நல்லது.

கசிவை நான்கில் ஒன்றாக்கினாலே நம் தொழிற்சாலைக்கு வருடம் 119 தொன் குறையும். செலவு? நைட்ரஜன், ஒட்டுவேலை, சில வால்வுகள், ஒரு சீல், கூலி. வாங்காமல் விட்ட சிலிண்டர்களின் விலையே அதில் ஒரு பங்கைத் திருப்பித் தந்துவிடும். கீழே வரும் எந்தத் தெரிவிலும் ஒரு தொன் காபனைக் குறைக்க இவ்வளவு குறைந்த காசு போகாது.

காஸையே மாற்றுவதா

கசிவை அடைத்தாலும் ஆர்-22 நெடுநாள் இருக்கப்போவதில்லை. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் வந்த மொன்றியல் உடன்படிக்கையின் அட்டவணைப்படி, நம்மைப் போன்ற வளர்முக நாடுகள் 2025இல் இவ்வகை வாயுவின் பாவனையை அடிப்படை அளவிலிருந்து 67.5 வீதம் குறைக்க வேண்டும். 2030இல் பாவனை முடிகிறது. பழைய இயந்திரங்களின் பராமரிப்புக்குச் சிறு பங்கு மட்டும் கொஞ்சக் காலம் மிஞ்சும். விலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. ஆர்-22 போகிறது என்ற பயத்தில் பலர் 404ஏக்குத் தாவுகிறார்கள். விற்பவரும் "ஓசோனுக்குக் கேடில்லாத காஸ்" என்று சொல்லித்தான் விற்பார். அவர் சொல்வது உண்மை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அது ஆர்-22ஐவிட இரண்டு மடங்குக்கு மேல். 2016இல் ருவண்டாவின் கிகாலியில் அதே உடன்படிக்கைக்குச் சேர்க்கப்பட்ட திருத்தம் 404ஏ வகையையும் பிடித்துவிட்டது. இலங்கை அதை 2018இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 2024இல் பாவனை மேலும் கூடாமல் நின்று, 2029இல் 10 வீதம் தொடங்கி 2045இல் 80 வீதம் வரை குறைய வேண்டும். இன்று 404ஏக்கு மாறுபவர் இன்னும் சில வருடத்தில் இன்னொரு தடவை மாற வேண்டிவரும்.

ஐஸ் தொட்டிக்கு என் தெரிவு அமோனியா. புதிய பண்டம் இல்லை. கட்டி ஐஸ் தொழிலில் அதுதான் பழைய வாயு. புவியைச் சூடாக்கும் கணக்கில் அதற்குப் பூச்சியம். வெப்பத்தைத் தூக்கிச் செல்லும் சக்தியும் அதிகம் என்பதால் மின்சாரமும் மிச்சம். காஸின் விலை மலிவு. ஆனால் ஆர்-22 இயந்திரத்தில் அமோனியாவை ஊற்ற முடியாது; அது செப்பை அரிக்கும். இரும்புக் குழாய், வேறு கொம்பிரசர், வேறு வால்வுகள் என்று முழு அமைப்பையும் மாற்ற வேண்டும்.

அதைவிடப் பெரிய கேள்வி பாதுகாப்பு. அமோனியா கசிந்தால் மூக்கே முதலில் சொல்லிவிடும், அது ஒரு நல்ல குணம். ஆனால் காற்றில் பத்து இலட்சத்தில் 300 பங்கு சேர்ந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. துறைமுக வளவில், சுற்றிலும் வெளி உள்ள இடத்தில் இருக்கும் தொழிற்சாலைக்கு நான் தயங்காமல் அமோனியா என்பேன். ஊருக்குள், பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் தூங்கும் வீடு இருக்கும் ஒழுங்கையில் அதையே சொல்ல மாட்டேன். கசிவு அலாரம், காற்றோட்டம், முகக்கவசம், கண் கழுவும் தண்ணீர், தப்பி ஓடத் திறந்திருக்கும் இரண்டாவது கதவு ஆகியவற்றுக்குக் காசு ஒதுக்காத அமோனியாத் திட்டத்தைத் திட்டம் என்றே சொல்லக்கூடாது.

குளிர் அறைகளுக்கு நிலைமை வேறு. 404ஏ இருக்கும் அமைப்பில் சிறு மாற்றங்களோடு 448ஏ, 449ஏ போன்ற கலவைகளைப் போடலாம். அவற்றின் சூடாக்கும் எண் ஏறத்தாழ 1,400, மூன்றில் ஒன்று. கசியும் அமைப்பில் போட்டால் அந்த விலைகூடிய கலவையும் அதே ஓட்டையால் போகும் என்பதால் முன்னைய வேலை முடிந்த பிறகுதான் இது. புதிதாக ஒரு சின்ன அறை கட்டுபவர் புரொப்பேனில் ஓடும், செய்யும் இடத்திலேயே காஸ் அடைத்து மூடி வரும் இயந்திரத்தைக் கேட்டுப் பார்க்கலாம். எரியக்கூடிய வாயு, ஆனால் உள்ளே இருப்பது மிகக் கொஞ்சம். காபனீரொட்சைட்டையே குளிரூட்டியாக ஓட்டும் இயந்திரங்களும் உலகில் உண்டு. 31 பாகைக்கு மேல் அந்த வாயு திரவமாகாது, கச்சான் வீசும் மாதங்களில் நம் பகல் அதைத் தாண்டித்தான் நிற்கும். திருத்த ஆளும் பக்கத்தில் கிடைக்க வேண்டும். சின்னத் தொழிற்சாலைக்கு அது இப்போதைக்கு வேண்டாத வேலை.

கரண்டைக் குறைப்பது

30 பாகைத் தண்ணீர் ஒரு கிலோவை உறைய வைத்து, கழித்தல் எட்டுப் பாகைவரை இறக்க ஏறத்தாழ 477 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். அதில் 334 உறைவதற்கே போகிறது. அதில் யாரும் கைவைக்க முடியாது. ஆனால் 126 கிலோஜூல் தண்ணீரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவதில் போகிறது. ஊற்றும் தண்ணீர் 30க்குப் பதில் 20 பாகையில் வந்தால் மொத்த வேலையில் சுமார் 9 வீதம் மிச்சம். அச்சிலிருந்து ஐஸை உருவ, அச்சை முக்கி எடுக்கும் தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் இருக்கிறது. பல இடங்களில் அது கானுக்குள் ஓடும். சுத்தத்தைக் கெடுக்காமல், இடையில் ஒரு சுருள் குழாய் வைத்து அந்தக் குளிரை ஊற்றுத் தண்ணீருக்கு மாற்றலாம்.

ஐஸ் அச்சுகள் நிற்கும் உப்புநீர்த் தொட்டியின் மேல் மூடிப் பலகைகளைப் பாருங்கள். ஒன்றிரண்டு உடைந்து, அந்த இடத்தில் சாக்கு போட்டிருக்கும். தொட்டிச் சுவரின் காப்பு நனைந்திருந்தால் வெளியே வியர்க்கும். காஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரில் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு படிந்து வெப்பம் வெளியேறாமல் நின்றால் கொம்பிரசர் மூச்சுவாங்கும். அங்கே ஒரு பாகை குறைத்தால் மின்சாரம் 2, 3 வீதம் குறையும். இந்த மூன்றையும் கவனித்துத் தொன்னுக்கு 80 அலகை 65 ஆக்கினால் வருடம் 45,000 அலகு, 22 தொன் காபன்.

இங்கே ஒரு குழப்பத்தையும் அவிழ்க்க வேண்டும். பில்லைக் குறைப்பதும் காபனைக் குறைப்பதும் எப்போதும் ஒன்றல்ல. கப்பாசிற்றர் போட்டு மின்வலுக் காரணியை (பவர் பாக்டர்) திருத்தினால், மாதத்தின் உச்சச் சுமைக்கு அறவிடும் கேவீஏ கேள்விக் கட்டணம் நன்றாக இறங்கும். காபன் பெரிதாக அசையாது. போடுங்கள், ஆனால் அதைக் காபன் கணக்கில் பெருமையாக எழுதாதீர்கள். மாலை 6.30 முதல் 10.30 வரை உச்சநேரக் கட்டணம். அந்த நேரத்தில் கொம்பிரசரை நிறுத்தி, தொட்டியில் தேங்கிய குளிரை வைத்தே ஓட்டினால் பில்லும் குறையும், எண்ணெய் எரிக்கும் நிலையங்களின் தேவையும் கொஞ்சம் குறையும். மூடிப் பலகை உடைந்த தொட்டியில் அந்த நான்கு மணி நேரத்தில் குளிர் போய்விடும். ஒரு பலகைக்கு எவ்வளவு வேலை இருக்கிறது பாருங்கள்.

இப்போது சோலார்

மேலே உள்ளவை முடிந்த பிறகு மின்தேவை 3 இலட்சத்திலிருந்து இரண்டரை இலட்சம் அலகாக இறங்கியிருக்கும். சோலாரின் அளவை அதற்குப் பிறகு முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். நம் தொழிற்சாலையின் சராசரிச் சுமை 40 கிலோவாற்றைச் சுற்றி. 100 கிலோவாற் பலகைகளைக் கூரையில் அடுக்கினால் நண்பகலில் பாதிக்கு மேல் கம்பி வழியே வெளியே போகும். முன்பு அதில் கவலை இல்லை, சபை வாங்கிக்கொண்டது. இப்போது பகல் நேரத்தில் நாடு முழுக்கச் சோலார் மிஞ்சுகிறது. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது தேவை விழுந்ததால், கூரைச் சோலார் வைத்திருப்பவர்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. சம்பூரில் நிலக்கரி நிலையம் 2016இல் கைவிடப்பட்டு, அதே மண்ணில் இப்போது 120 மெகாவாற் சோலார் நிலையம் வருகிறது. அதுவும் இதே பகலில்தான் மின்சாரம் தரும். விற்பதற்காகப் போடும் சோலாரைவிடச் சொந்தத் தேவைக்குப் போடும் சோலார் நின்று பிடிக்கும். தவிர, வெளியே அனுப்பிய அலகை உங்கள் காபன் கணக்கில் கழிக்கவும் விடமாட்டார்கள்.

எனவே 60 கிலோவாற். கிலோவாற்றுக்கு வருடம் 1,400 அலகு என்று எடுத்தால் 84,000 அலகு, 42 தொன். பகலில் தொட்டியை இறுக்கிக் குளிராக்கி, மாலையில் நிறுத்தும் பழக்கத்தோடு இது நன்றாகப் பொருந்தும்.

திருகோணமலைக்கு இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துப் படகுகளும் அப்போதுதான் இங்கே வந்து தொழில் செய்யும். ஐஸ் அதிகம் கேட்கும் மாதங்களும் வெயில் கொட்டும் மாதங்களும் ஒன்றாக விழுகின்றன. வாடையில் வானம் மூடும்போது கடலும் மூடிவிடும். மேற்குக் கரையில் இந்த அதிர்ஷ்டம் இல்லை, அங்கே படகு ஓடும் காலத்தில் பாதி மழைக்காலம்.

தடைகளும் இந்த ஊருக்கே உரியவை. பழைய கட்டடங்களில் அஸ்பெஸ்ரஸ் சீற். அதைத் துளைப்பது நுரையீரலுக்குக் கேடு, பாரமும் தாங்காது. கூரையை மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் சோலார் விலை சொல்ல வேண்டும், விற்பவர்கள் அதைச் சேர்ப்பதில்லை. சாதாரண நாகமிட்ட ஆணிகள் கடற்காற்றில் துருப்பிடிக்கும், துருப்பிடிக்காத உருக்கு கேளுங்கள். பிறகு காகம். மீன் வாடி இருக்கும் இடத்தில் காகமும் இருக்கும், பலகை மேல் எச்சமும் இருக்கும். ஒரு வரிசையில் ஒரு பலகை மறைந்தாலே அந்த வரிசையின் விளைச்சல் இறங்கும். கழுவ ஆளும் ஏறப் படியும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். 100 கிலோவாற் என்றால் கோடி ரூபாயைத் தாண்டும் வேலை. 60க்கு அதில் பாதிக்குச் சற்று மேல். ஆகவே மூன்றாவது இடம். கெட்ட தெரிவு என்பதற்காகச் சொல்லவில்லை. முன்னிரண்டு வேலைகளும் இதை மலிவாக்கித் தரும் என்பதற்காக.

மற்றவை, சுருக்கமாக

ஜெனரேற்றருக்குப் பதில் பற்றரி வாங்கலாமா என்று 2022 மின்வெட்டுக்குப் பிறகு பலர் கேட்கிறார்கள். அந்த வருடம் மார்ச் கடைசியில் 13 மணி நேர வெட்டு இருந்தது, பயம் நியாயமானது. ஆனால் நம் கணக்கில் ஜெனரேற்றர் 11 தொன்தான். அதற்காக அவ்வளவு காசைக் கொட்ட வேண்டாம்.

லொறியை மாற்றுவதைவிட லொறியில் ஏற்றியதைக் காப்பாற்றுவது பெரிது. படங்கு போட்ட திறந்த லொறியில் ஐஸ் குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை போய்ச் சேரும்போது பத்துக்கு ஒன்று உருகினால், வருடத்துக்கு 300 தொன் ஐஸ், 24,000 அலகு மின்சாரம், 12 தொன் காபன் தெருவில் ஒழுகிவிட்டது. தட்டிலும் பக்கத்திலும் ரெஜிபோம் நுரைப்பலகை வைத்து மூடிய பெட்டி கட்டுவது ஊர்த் தச்சருக்குத் தெரிந்த வேலை.

கண்டல் மரம் நட்டுக் காபன் கணக்கை நேர் செய்யலாம் என்று சொல்பவர்களும் உண்டு. கொட்டியாரக்குடாக் கரையில் கண்டல் நிற்பது மீனுக்கும் மூதூர், கிண்ணியா ஊர்களுக்கும் நல்லது, நடுங்கள். உங்கள் குழாயில் கசியும் 404ஏக்கு அது பதில் ஆகாது. ஐரோப்பாவின் எல்லைக் காபன் வரி வந்துவிட்டது, மீனுக்கும் வருமாம் என்று பயமுறுத்தி ஆலோசனை விற்பவர்களையும் கண்டிருக்கிறேன். 2026 ஜனவரியில் முழுமையாகத் தொடங்கிய அந்த வரி சீமெந்து, இரும்பு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கானது. மீனும் ஐஸும் அந்தப் பட்டியலில் இல்லை. வாங்கும் நிறுவனம் தானாகக் கணக்குக் கேட்பது வேறு விஷயம், அதற்கு மேலே போட்ட மாதிரி ஒரு தாள் போதும்.

வரிசை மாறும் இடங்கள்

கசிவு, பிறகு மின்சார விரயம், பிறகு அளவான சோலார், ஆர்-22 இயந்திரம் படுக்கும் வருடத்தில் அமோனியா. அமோனியாவைச் சேர்க்காமலே 336 தொன் 155 தொன்னுக்குக் கீழே வந்துவிடும். இந்த வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. ஏற்கனவே அமோனியாவில் ஓடும் தொழிற்சாலைக்குக் காஸ் பங்கு பூச்சியம்; அவர்கள் கண்டென்சரைச் சுத்தம் செய்துவிட்டு நேராகச் சோலாருக்குப் போகலாம். ஆர்-22 கொம்பிரசர் இந்த வருடமே கழன்றுவிடும் நிலையில் இருந்தால் அதற்குப் புதுச் சீல் போடுவதில் அர்த்தமில்லை, அமோனியா விலைதான் கேட்க வேண்டும். பழைய காஸை மட்டும் காற்றில் விடாமல் மீட்டு எடுக்கச் சொல்லுங்கள். கட்டடம் வாடகை என்றால் கூரையில் கைவைக்கும் முன் சொந்தக்காரரோடு எழுத்தில் பேசுங்கள். இவை எதுவும் உங்களுக்குப் பொருந்துமா என்று தெரியாவிட்டால், கடந்த மூன்று வருடத்து மெக்கானிக் பில்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்தக் காஸ், எத்தனை கிலோ என்று மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். கிலோ எழுதாத பில் இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அடுத்த முறை தராசோடு வரச் சொல்லுங்கள்.